பிழைத்தலின் இரு பொருள்: ஆக்டேவியா பட்லரின் ‘ஜெனோஜெனெசிஸ்’ நாவல்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

அணு ஆயுதப் போர் பூமியைப் பாழாக்கி ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழிந்த பிறகு, கதவோ சன்னலோ இல்லாத ஓர் அறையில் லிலித் ஐயாப்போ என்னும் பெண் கண் விழிக்கிறாள். இதற்கு முன்பும் பல முறை அவள் இப்படி விழித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் முகமில்லாத ஒரு குரல் அவளைக் கேள்வி கேட்டது. அவள் திருப்பிக் கேட்ட கேள்விகளுக்கு அது விடை தந்ததில்லை. அவளுடைய அடிவயிற்றில் ஒரு தழும்பு இருக்கிறது. அது எப்போது உண்டானது, யார் வெட்டினார்கள், எதை எடுத்தார்கள் அல்லது எதை வைத்தார்கள் என்பது எதுவும் அவளுக்குத் தெரியாது.

அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்ட ‘டான்’, ‘அடல்ட்ஹுட் ரைட்ஸ்’, ‘இமேகோ’ என்னும் நாவல்கள் இந்தத் தழும்பிலிருந்து தொடங்குகின்றன. மூன்றும் சேர்ந்து முதலில் ‘ஜெனோஜெனெசிஸ்’ என்ற பெயரிலும், 2000-ஆம் ஆண்டு முதல் ‘லிலித்ஸ் ப்ரூட்’ என்ற பெயரிலும் ஒரே தொகுதியாக வந்தன. வேற்றுலகத்தார் வந்து மனிதகுலத்தை அழிவிலிருந்து மீட்பதாகச் சொல்லும் அறிவியல் புனைவுகள் ஏராளமாக இருக்க, இந்த நாவல்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் ஒன்றே. மீட்கப்பட்டவரின் பக்கத்தில் நின்று, மீட்புக்கு என்ன விலை, அந்த விலையை நிர்ணயித்தவர் யார், கொடுக்கச் சம்மதித்தவர் யார் என்று கடைசிப் பக்கம் வரை விடாமல் கணக்குக் கேட்கும் படைப்பு இதைப் போல் வேறொன்றை நான் வாசித்ததில்லை.

தமிழில் ‘பிழைத்தல்’ என்ற சொல்லுக்கு உயிர் தப்புதல் என்றும் பொருள். தவறு செய்தல் என்றும் பொருள். பழைய இலக்கியத்தில் ‘பிழைத்தோர்’ என்றால் தவறிழைத்தவர். இன்றைய பேச்சில் ‘பிழைத்துக்கொண்டான்’ என்றால் சாவிலிருந்து தப்பியவன். இரண்டு பொருளும் ஒரே வினையில் எப்படி வந்து சேர்ந்தன என்பதை மொழியியலாளர்கள் சொல்ல வேண்டும். ஆனால் இந்த மூன்று நாவல்களின் வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்பதே என் வாசிப்பு. தவறு செய்யும் வாய்ப்பை இழந்து உயிர் தப்புவது பிழைத்தலாகுமா என்பதைத்தான் பட்லர் ஏறத்தாழ 750 பக்கங்களில் விசாரிக்கிறார்.

பின்புலம்

பட்லர் 1947-இல் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் பிறந்த கறுப்பினப் பெண். காலணிகளுக்கு மெருகிடும் வேலை பார்த்த தந்தை அவருடைய சிறு வயதிலேயே இறந்துவிட, தாய் பிறர் வீடுகளில் வீட்டுவேலை செய்து அவரை வளர்த்தார். தாய் பின்வாசல் வழியாக உள்ளே போவதையும், அவரை இழிவுபடுத்திப் பேசியவர்களின் சொல்லைக் காதில் வாங்காதவர்போல் வேலையைத் தொடர்ந்ததையும் உடனிருந்து பார்த்த சிறுமி அவர். அப்போது தாயின் மீது கோபம் வந்ததாகவும், அந்தப் பொறுமை இல்லாமல் தனக்கு உணவும் கூரையும் கிடைத்திருக்காது என்பது பின்னரே விளங்கியதாகவும் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். பணிந்து போய்ப் பிள்ளையைக் காப்பாற்றிய பெண்ணைக் கோழை என்று சொல்லிவிட முடியாது என்ற அந்த அறிவு, லிலித்தின் பாத்திரத்தை வாசிப்பதற்கு இன்றியமையாதது.

நாவல்கள் பிறந்த காலம் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகனின் ஆட்சிக்காலம். வரம்புக்குட்பட்ட அணுப்போர் ஒன்றை நடத்தவும் முடியும், அதில் வெல்லவும் முடியும் என்று பொறுப்பில் இருந்தவர்களே பேசிய ஆண்டுகள் அவை. பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரி டி. கே. ஜோன்ஸ், குழி தோண்டி அதன்மேல் கதவுகளைப் போட்டு மண்ணைக் கொட்டிக்கொண்டால் போதும், மண்வெட்டிகள் மட்டும் போதுமான அளவு இருந்தால் எல்லோரும் தப்பிவிடலாம் என்று ஒரு செய்தியாளரிடம் சொன்னது 1982-இல் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. 1983 டிசம்பரில் கார்ல் சேகன் உள்ளிட்ட ஐந்து அறிவியலாளர்கள், எரியும் நகரங்களின் புகை சூரிய ஒளியை மறைத்து நீண்ட குளிரைக் கொண்டுவரும் என்பதை ‘சயன்ஸ்’ இதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள். இப்படிப் பேசுகிறவர்களிடமும், அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களிடமும் அடிப்படையிலேயே ஏதோ ஒரு கோளாறு இருக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியதாகவும், அந்த எண்ணத்திலிருந்தே இந்த நாவல்களின் கரு உருவானதாகவும் பட்லர் சொல்லியிருக்கிறார்.

மீட்பவர்கள்

போருக்குப் பின் எஞ்சியவர்களைத் தூக்கிச் சென்று, நிலாவுக்கும் அப்பால் விண்வெளியில் நிற்கும் உயிருள்ள ஒரு மரக்கலத்தில் துயிலில் ஆழ்த்தி வைத்திருப்பவர்கள் ஓவன்காலிகள். உடல் முழுவதும் புலன் உணரும் நெளியும் இழைகள் கொண்டவர்கள். பார்த்த கணத்தில் மனிதருக்கு உடல் நடுங்கும். லிலித்திடம் முதலில் வந்த ஜ்டாயாவை அவளால் பல நாள் நேரே பார்க்கவும் முடியவில்லை. அச்சம் தணிந்து அவரைத் தொட முடியும் வரை, அந்த அறையில் அவருடனேயே இருக்குமாறு அவளை வைத்திருக்கிறார்கள். பயம் என்பது பழகினால் போகும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அது உண்மையும் ஆகிறது. பழக்கியவர் எவரென்பதையும் பழக்கப்பட்டவர் எவரென்பதையும் வாசகர் மறக்காதபடி பட்லர் அந்தக் காட்சியை அவசரப்படாமல் எழுதுகிறார்.

ஓவன்காலிகளின் வாழ்வே மரபணு வணிகம். புதிய உயிரினத்தைக் காணும்போதெல்லாம் அதனுடன் கலந்து, இரு தரப்பும் பழைய உருவை இழந்து மூன்றாவதொன்றாக மாறிச் செல்வதே அவர்கள் பல கோடி ஆண்டு வழக்கம். அவர்களில் ஆண், பெண் ஆகியோருடன் ஊலோய் என்ற மூன்றாம் பாலும் உண்டு. உடலுக்குள் மரபணுக்களைப் படிப்பதும், பிரிப்பதும், கோப்பதும், பிள்ளையை உருவாக்குவதும் ஊலோய்களின் தொழில். ஆங்கில மூலத்தில் ஊலோய்களுக்கு அஃறிணைச் சுட்டுப்பெயரே வருகிறது. தமிழில் இந்த இடம் கூடுதலாக உறுத்தும். ஏனெனில் நம் இலக்கணம் உயர்திணை என்பதையே மக்களை வைத்து வரையறுத்திருக்கிறது. மனிதரைவிடக் கூர்த்த அறிவும் ஆழ்ந்த பரிவும் உடைய, மக்கள் அல்லாத ஓர் உயிரை எந்தத் திணையில் வைப்பது? பாலைக் காட்டாமல் மதிப்பை மட்டும் காட்டும் ‘அவர்’ என்ற சொல் நம்மிடம் இருப்பதால் இக்கட்டுரையில் அதையே ஆள்கிறேன்.

மனிதரை ஆராய்ந்த ஓவன்காலிகள் சொல்லும் நோயறிதல் சுருக்கமானது. மனிதர் அறிவுள்ளவர்கள், அதே நேரம், ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்கும் படிநிலை நாட்டம் உடையவர்கள். இரண்டில் படிநிலை நாட்டமே மூத்தது. அறிவு பின்னால் வந்தது. பின்னால் வந்த அறிவு மூத்த குணத்தை வழிநடத்தாமல் அதற்கு ஏவல் செய்தது. அதன் முடிவுதான் போர். இந்த முரண்பாடு உடலிலேயே எழுதியிருப்பதால், தனியே விட்டால் மனிதர் மறுபடியும் தங்களை அழித்துக்கொள்வார்கள் என்பது அவர்களுடைய உறுதியான முடிவு.

ஆகவே அவர்கள் விதித்த நிபந்தனை இது: பூமி சீர்செய்யப்பட்டிருக்கிறது, மனிதர் அமேசான் காட்டில் மீண்டும் குடியேறலாம், நோயின்றி, நீண்ட ஆயுளுடன் வாழலாம். ஆனால் ஊலோயின் துணையின்றி எவருக்கும் பிள்ளை பிறக்காது. பிறக்கும் பிள்ளை மனிதனாகவும் இராது, ஓவன்காலியாகவும் இராது. ஓவன்காலிகள் பொய் சொல்வதில்லை. கேட்டதற்கு உண்மையே சொல்வார்கள்; எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை மட்டும் தாங்களே வைத்துக்கொள்வார்கள். லிலித் எழுதுவதற்குத் தாளும் எழுதுகோலும் கேட்டபோது அவற்றைத் தர மறுத்து, அதற்குப் பதிலாக அவளுடைய மூளையில் மாற்றம் செய்து நினைவாற்றலைக் கூட்டுகிறார்கள். விளைவைப் பார்த்தால் நினைவாற்றல் பெரிய கொடைதான். தன் கையால் ஒரு சொல்லை எழுதிவைத்துக்கொள்ளும் எளிய உரிமை போனதற்கு அது ஈடாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த மரக்கலத்தின் சிறையறையில் லிலித்துடன் சில காலம் ஒரு சிறுவன் வைக்கப்பட்டிருந்தான் என்பதையும் குறிப்பிட வேண்டும். அவன் பெயர் ஷரத். அவளுடைய மொழி அவனுக்குத் தெரியாது. அவன் மொழி அவளுக்குத் தெரியாது. நாவலில் சில பக்கங்களே வரும் அந்த இந்தியப் பெயரைக் கண்டவுடன், உலகின் முடிவு பற்றிய கதைகளில் நம் பக்கத்துப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று என்றுமே கேட்டுக்கொண்டதில்லை என்பது உறைக்கிறது.

தழும்பும் புற்றும்

அடிவயிற்றுத் தழும்புக்கு ஜ்டாயா தரும் விளக்கம் இந்த ஆய்வின் மையமான சான்று. லிலித்துக்குப் புற்றுநோய் வளர்ந்துகொண்டிருந்தது. ஓர் ஊலோய் அதைப் போக்கிவிட்டார். அவளுடைய குடும்பத்தில் அந்த நோய் முன்பே உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. ஆகவே அது உயிர்காத்த சிகிச்சை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவளிடம் எவரும் கேட்கவில்லை. அதைவிட முக்கியமாக, மனிதருக்கு எமனாக வந்த அந்தப் புற்றை ஓவன்காலிகள் பெரும் செல்வமாகப் போற்றுகிறார்கள். கட்டுப்பாடில்லாமல் பெருகும் அந்த உயிரணுக்களைக் கட்டுப்படுத்தத் தெரிந்த அவர்களுக்கு, வெட்டுண்ட உறுப்பை மீண்டும் வளர்க்கவும் உருவத்தையே மாற்றவும் அது வழி திறக்கிறது. மனிதரை நோக்கி அவர்களை ஈர்த்தவற்றுள் இதுவே முதன்மையானது.

இந்த இடத்தில் ஹென்ரியேட்டா லேக்ஸ் என்ற பெயர் நினைவுக்கு வராமல் இராது. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற கறுப்பினப் பெண் அவர். அவருடைய கட்டியிலிருந்து அவர் அனுமதியின்றி எடுக்கப்பட்ட உயிரணுக்கள், ஆய்வகத்தில் முடிவின்றிப் பெருகும் முதல் மனித உயிரணு வரிசையாகி, போலியோ தடுப்பூசிச் சோதனை முதற்கொண்டு எண்ணற்ற ஆய்வுகளுக்குப் பயன்பட்டன. அவர் அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இறந்தார். உயிரணுக்கள் இன்றும் வாழ்கின்றன. பட்லர் இந்த நிகழ்வை மனத்தில் கொண்டு எழுதினார் என்று நான் வாதிடவில்லை. நாவலை வாசிக்கும் எவருக்கும், ஒரு கறுப்பினப் பெண்ணின் புற்றிலிருந்து உலகுக்குப் பயன் விளைந்த வரலாறு இருக்கும்போது லிலித்தின் தழும்பைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதே நான் சொல்ல வருவது.

கருவளத்தைப் பறித்த வரலாறும் தொலைவில் இல்லை. பட்லர் பிறந்து வளர்ந்த கலிபோர்னியாவில் 1909-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 20,000 பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது; அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1979-இல்தான். அறிவில் குறைந்தவர்கள், பெருகினால் சமூகத்துக்குக் கேடு என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அவர்கள். உங்கள் மரபிலேயே குறை இருக்கிறது, ஆகவே உங்களைப் போன்ற பிள்ளை உங்களுக்கு வேண்டாம் என்று அக்கறையோடு சொல்லும் ஓவன்காலியின் குரலை, இந்தப் பின்புலத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒப்புதல்

லிலித்துக்கு இடப்பட்ட பணி, துயிலில் இருக்கும் மனிதரைத் தேர்ந்தெடுத்து எழுப்பி, மரக்கலத்துக்குள்ளேயே அமைத்த காட்டில் பிழைக்கக் கற்றுக்கொடுத்து, ஓவன்காலிகளுடன் வாழப் பழக்கிப் பூமிக்கு அனுப்புவது. அவள் உள்ளுக்குள் வைத்திருந்த திட்டம் வேறு: கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டு, காட்டுக்குள் இறங்கியதும் ஓடிவிட வேண்டும். எழுப்பப்பட்டவர்கள் அவளை நம்பவில்லை. சுவரைத் திறக்கும் ஆற்றலும், மிகுந்த உடல்வலுவும், ஊலோயான நிகாஞ்சின் நெருக்கமும் உடைய ஒருத்தி எப்படி மனுஷியாக இருக்க முடியும்? அவளுடைய துணையான ஜோசப் ஷிங் அந்த வெறுப்பில் வெட்டிக் கொல்லப்படுகிறான்.

ஜோசப்பை முன்வைத்து பட்லர் எழுப்பும் கேள்வி கடினமானது. நிகாஞ்சுடன் சேர அவன் வாயால் மறுக்கிறான். அவனுடைய உடல் வேறு முடிவெடுத்துவிட்டது என்று சொல்லி நிகாஞ்ச் அவனை நெருங்குகிறார். ஓர் ஊலோயால் உடலின் ஒவ்வொரு வேதிமாற்றத்தையும் படிக்க முடியும் என்பதால் அந்தக் கூற்று பொய்யும் அன்று. வாய் ஒன்று சொல்ல, உடல் மற்றொன்று சொல்ல, எதை ஒப்புதல் என்று கொள்வது? என் விடை தெளிவானது. உடலைப் படிப்பவருக்கு எவ்வளவு தெரிந்தாலும், முடிவு சொல்லும் உரிமை சொல்பவருக்கே உரியது. ஒரு மருத்துவர் நோயாளியின் குருதியில் படித்ததை வைத்து அவருடைய மறுப்பைச் செல்லாததாக்கினால் அதை எவரும் மருத்துவம் என்று சொல்லமாட்டோம். நிகாஞ்ச் அன்புள்ளவர் என்பதும், அந்த அன்பு நடிப்பில்லை என்பதும் இந்தத் தீர்ப்பை மாற்றுவதில்லை; இன்னும் கனக்கச் செய்கிறது.

சண்டையில் நிகாஞ்சின் புலக்கை, அதாவது புலன் உணரும் கை, ஏறத்தாழ அறுபட்டு விழும் நிலையில் தொங்கும்போது, அதை மீண்டும் பொருத்தி வளர்க்க லிலித்தின் உடலில் இருக்கும் அந்தப் புற்றின் திறன் தேவைப்படுகிறது. அப்போது அவளிடம் கேட்கிறார்கள். ஜோசப்பை அப்போதுதான் இழந்திருந்தும் அவள் இசைந்து பக்கத்தில் படுத்து உதவுகிறாள். முதல் நாவல் முழுவதிலும் கேட்டு வாங்கிய கொடை என்று நான் ஐயமின்றிச் சொல்லக்கூடியது அது ஒன்றே. அதனால்தான், அதற்குச் சில பக்கங்கள் கழித்து நிகழ்வது நெஞ்சில் அறைகிறது. இறந்துபோன ஜோசப்பின் வித்தைக் கொண்டு, அவளைக் கேளாமலே, நிகாஞ்ச் அவளைக் கருவுறச் செய்துவிட்டதாக அறிவிக்கிறார். அவள் ஒருபோதும் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டாள் என்றும், உள்ளுக்குள் தயாராகிவிட்டாள் என்றும் தான் அறிந்ததாகச் சொல்கிறார். பிறக்கப்போவது மனிதக் குழந்தையாக இராது என்று கதறும் லிலித், அந்தப் பிள்ளையை அஃறிணைச் சொல்லால்தான் சுட்டுகிறாள். மீட்பரோடு வாழப் பழகிக்கொண்டிருந்தவள், தன் வயிற்றில் இருப்பதை ‘அது’ என்று சொல்லும் அந்தத் தருணத்தை எத்தனை முறை வாசித்தாலும் என்னால் எளிதில் கடக்க முடிவதில்லை.

யூத மரபுக் கதைகளில் லிலித் என்பவள் ஆதாமின் முதல் மனைவி. அவனுக்குக் கீழ்ப்படிய மறுத்து விலகியவள். பின்னாளில் பேய்களைப் பெற்றவள் என்று தூற்றப்பட்டவள். பெயரைப் பட்லர் காரணமின்றிச் சூட்டவில்லை. (1987-இல் வெளிவந்த முதல் நாவலின் அட்டையில் வெளிர்நிறப் பெண்களை வரைந்து, கறுப்பினப் பெண்ணான லிலித்தைக் காணாமல் ஆக்கியதும் இங்கே பதிவுசெய்யத்தக்கது.)

மறுத்தவர்கள்

இரண்டாம் நாவல் பூமியில் நடக்கிறது. ஓவன்காலிகளுடன் கலந்து வாழும் ஊர்களும், அவர்களை மறுத்து விலகிய மனிதரின் ஊர்களும் அமேசான் காட்டில் பரவியிருக்கின்றன. மறுத்தவர்கள் நீண்ட ஆயுளும் உடல்நலமும் உடையவர்கள்; பிள்ளைகள் மட்டும் இல்லை. இந்த வெறுமையை பட்லர் தத்துவமாக விரிக்காமல் செயல்களாகக் காட்டுகிறார். விட்டுச்செல்லப் பிள்ளை எவரும் இல்லாதபோது வீட்டை யாருக்காகக் கட்டுவது என்று கேட்பவர்கள், குடித்துக் கலகம் செய்பவர்கள், ஆயுதம் செய்யத் தொடங்குபவர்கள், கலப்புப் பிள்ளைகளில் மனிதச் சாயல் உள்ளவற்றைக் கடத்தி விற்பவர்கள் என அந்த ஊர்கள் மெல்லச் சிதைகின்றன.

லிலித்தின் மகன் அக்கீன் 17 மாதக் குழந்தையாக இருக்கும்போது அப்படித்தான் கடத்தப்பட்டு, ஃபீனிக்ஸ் என்னும் மறுப்பாளர் ஊருக்கு விற்கப்படுகிறான். பார்வைக்கு அவன் அழகிய மனிதக் குழந்தை. நாக்கு மட்டும் ஓவன்காலியுடையது. பின்னர் அதே ஊருக்குக் கொண்டுவரப்படும் இரண்டு கலப்புச் சிறுமியரின் உடலில் இருக்கும் புலனிழைகளை வெட்டி எறிந்துவிட்டால் மனிதக் குழந்தைகள்போல் ஆகிவிடுவார்கள் என்று ஒரு பெண் வாதாடுகிறாள். பிள்ளைப் பாசத்தில் எழும் பேச்சு அது. கண்ணைப் பிடுங்கிவிட்டு முகத்தை அழகுபடுத்துவதற்கு ஒப்பானது. ஓவன்காலிகள் மனிதருக்குச் செய்ததையே, அதைவிடக் கொடுமையாக, மனிதர் ஓவன்காலியின் பிள்ளைகளுக்குச் செய்ய நினைக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரைப் புனிதராக்காமல் எழுதும் இந்த நேர்மையே பட்லரின் எழுத்தில் நான் மிகவும் மதிப்பது.

கடத்தப்பட்ட அக்கீனை ஓவன்காலிகள் எளிதில் மீட்டிருக்கலாம். மறுப்பாளர்களை அவன் அறிந்துகொள்ளட்டும் என்று விட்டுவைத்தார்கள். உடன்பிறந்த குழந்தையுடன் பிணைய வேண்டிய பருவம் அதனால் அவனுக்குக் கைநழுவிப்போகிறது. அந்த இழப்பு பின்பு முழுமையாக ஈடாவதில்லை. தங்கள் பிள்ளையின் ஒப்புதலையும் அவர்கள் கேட்கவில்லை.

செவ்வாய்

அந்த விலை கொடுத்து அக்கீன் கற்றது, ஓவன்காலிகளில் வேறெவரும் கண்டுகொள்ளாத ஓர் உண்மை. எந்த வணிகத்திலும் ஓவன்காலிகள் தங்களில் ஒரு பிரிவை மாற்றாமல் பழைய உருவிலேயே காத்து வைப்பார்கள். வணிகம் பிசகினாலும் மூலம் அழியக்கூடாது என்பதற்காக. தங்களுக்கு வைத்துக்கொண்ட அந்தக் காப்பை மனிதருக்கு ஏன் மறுத்தார்கள் என்று அவன் கேட்கிறான். மாற்றப்படாத மனிதர் சிலருக்குக் கருவளத்தைத் திருப்பிக் கொடுத்து, செவ்வாய்க் கோளைக் குடியேறத் தக்கதாக்கி, அங்கே தனியே விட வேண்டும் என்பது அவன் முன்வைக்கும் கோரிக்கை.

ஓவன்காலிகளின் மறுமொழி கொடுமையானது அன்று. அந்தக் குடியேற்றமும் ஒருநாள் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று அவர்கள் உறுதியாக அறிவார்கள். தெரிந்தே அழிவுக்கு அனுப்புவது அவர்கள் அறத்தில் பெரும் கொலை. அக்கீனும் அவர்களுடைய நோயறிதல் தவறென்று முழுமையாக மறுப்பதில்லை. ஒருவேளை மாறலாம், ஒருவேளை மாறாமலும் போகலாம் என்றே நிற்கிறான். அவன் கேட்பது, தவறினாலும் அது அவர்களுடைய தவறாக இருக்கட்டும் என்பதுதான். பிழைப்பதற்கும், பிழை செய்வதற்குமான உரிமையை இரண்டாகப் பிரித்து ஒன்றை மட்டும் கொடுக்க முடியாது என்ற வாதம் அது. மூன்று நாவல்களில் அறத்தின் பக்கம் மிகத் தெளிவாக நிற்கும் குரல் அக்கீனுடையது என்று நான் கருதுகிறேன். அந்தக் குரல் மனிதன் பாதி, ஓவன்காலி பாதியான ஒருவனிடமிருந்து வருவதும், வணிகத்தை எதிர்த்து எழும் மிகச் சிறந்த வாதம் வணிகத்தின் விளைவாகவே பிறப்பதும் நூலின் மிகக் கடினமான உண்மை. முழு மனிதர் எவரும் அதைச் சொல்லியிருந்தால் ஓவன்காலிகள் செவிகொடுத்திருக்கவே மாட்டார்கள்.

பட்லர் 2006-இல் காலமானார். 1995-இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றபோது, அதைப் பெற்ற முதல் அறிவியல் புனைவு எழுத்தாளர் அவரே. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசரோ பள்ளத்தில் இறங்கிய இடத்துக்கு நாசா அவர் பெயரைச் சூட்டியது; ஊர்தியை உருவாக்கிய ஆய்வகம் அவர் பிறந்த பாசடீனாவை ஒட்டியே இருக்கிறது. வீட்டுவேலை செய்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நுழைந்த சிறுமியின் பெயர் செவ்வாயில் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

நிகாஞ்சின் பிழை

பூச்சியியலில் ‘இமேகோ’ என்பது உருமாற்றம் முடிந்து வெளிவரும் முதிர்ந்த வடிவம். மூன்றாம் நாவலுக்கு அந்தப் பெயர். லிலித்தின் மற்றொரு பிள்ளையான ஜோடாஸ், ஆணாகவோ பெண்ணாகவோ ஆக வேண்டியவர், உருமாற்றத்தில் ஊலோயாக மாறுகிறார். மனிதத் தாய்க்குப் பிறந்த முதல் ஊலோய் அவர். அப்படியொருவர் உருவாகும் காலம் இன்னும் வரவில்லை என்று ஓவன்காலிகள் தீர்மானித்திருந்தார்கள். கட்டுப்பாடு போதாத கலப்பு ஊலோய் தொட்டதையெல்லாம் நோயாக்கிவிடலாம் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஜோடாஸ் பிறந்ததற்குக் காரணம் நிகாஞ்ச் செய்த ஒரு தவறு. பிள்ளையை உருவாக்கும்போது கவனம் பிசகியது. ஒருவேளை அடிமனத்தில் தன்னைப் போன்ற ஒரு பிள்ளை வேண்டுமென்ற ஆசை வேலை செய்தது. மனிதர் பிழை செய்வார்கள் என்று அவர்களுடைய கருவளத்தையே பூட்டிவைத்தவர்களின் கையில் நிகழ்ந்த பிழை இது. அதைத் திருத்த ஜோடாஸை மரக்கலத்துக்கு நாடு கடத்துவதா என்று பேசுகிறார்கள். லிலித்தும் குடும்பமும் விடாமல் காட்டுக்குள் அவரை வைத்துக் காக்கிறார்கள். அந்தப் பிழைதான் பின்பு வணிகத்தையே காப்பாற்றுகிறது, ஏனெனில் தயங்கும் மனிதரையும் ஈர்த்து இசைய வைக்கும் ஆற்றல் கலப்பு ஊலோய்க்கே இருக்கிறது.

அந்த ஆற்றலில்தான் என் கலக்கமும் இருக்கிறது. மலைமேல் ஒளிந்து வாழும் ஓர் ஊரில், ஓவன்காலிகள் அறியாமல் கருவளத்துடன் எஞ்சிய மனிதர், நெருங்கிய உறவுக்குள்ளேயே மணந்து, தலைமுறை தலைமுறையாக உடலைச் சிதைக்கும் மரபுநோயுடன் வாழ்கிறார்கள். அங்கிருந்து வந்த ஹெசூசா, தோமாஸ் என்ற உடன்பிறந்தார் இருவரையும் ஜோடாஸ் குணப்படுத்துகிறார். தம் மணத்தாலும் தொடுகையாலும் அவர்களைக் கட்டிப்போடவும் செய்கிறார். ஊலோயுடன் ஒருமுறை பிணைந்தவர் பின் விலகிப் போக முடியாது என்பதை அவர்களுக்கு உரிய நேரத்தில் அவர் சொல்லவில்லை. கேட்காததால் சொல்லவில்லை என்ற பழைய ஓவன்காலி வழக்கம், லிலித்தின் வயிற்றில் பிறந்த பிள்ளையிடமும் தொடர்கிறது. ஜோடாஸே கதைசொல்லி என்பதால், அவருடைய தனிமையையும் பசியையும் உள்ளிருந்து உணரும் வாசகர் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார், நானும் சாய்ந்தேன். லிலித் அடைந்த நிலையை அறையின் வெளியிலிருந்து பார்க்கும் நிலைக்கு நம்மை நகர்த்தி, மீட்பவரின் கண்ணால் பார்த்தால் அது எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது என்பதை பட்லர் காட்டிவிடுகிறார்.

மலையூரின் மக்களுக்கு இறுதியில் தெரிவு கிடைக்கிறது: செவ்வாய்க்குப் போகலாம், அல்லது இங்கேயே ஊலோய்களுடன் சேர்ந்து வாழலாம். லிலித்துக்கு இப்படி இன்னொரு கதவு இருந்ததில்லை. அவளுக்கு முன்னால் இருந்தது ஒரே வழி. அதில் நடந்தவளை அவளுடைய இனத்தாரே துரோகி என்றார்கள். அவள் நடந்திராவிட்டால் அக்கீன் பிறந்திருக்க மாட்டான், செவ்வாயும் இல்லை.

புதிய ஊருக்கான விதையை ஜோடாஸ் தம் உடலுக்குள்ளிருந்து எடுத்து ஆற்றங்கரை மண்ணில் ஊன்றுகிறார். அது வளர்ந்து வீடாகும், ஊராகும். பல நூற்றாண்டுகள் கழித்துப் பெருகி, பூமியின் மண்ணையும் உயிரையும் உண்டு, வெற்றுப் பாறையை மட்டும் விட்டுவிட்டு மரக்கலமாகக் கிளம்பும். மண்ணுக்குள் அந்த விதை மெல்ல அசைந்து தன் இடத்தைச் சரிசெய்துகொள்வதை ஜோடாஸ் உணர்கிறார். மூன்றாம் நாவல் அங்கே நின்றுவிடுகிறது.